தையல் லைனில் புதியவர்களைப் பழக்குவது எப்படி? சூப்பர்வைசர்களுக்கான நடத்தை அறிவியல் வழிகாட்டி

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 'டிரெய்னிங்' என்றால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஏற்றுமதிச் சரக்கில் புகார் வரும். மறுநாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். வருகைத் தாளில் கையெழுத்து வாங்கி ஃபைலில் போடுவார்கள். ஆடிட்டுக்கு அந்த ஃபைல் உதவும். அடுத்த வாரம் லைனில் போய்ப் பார்த்தால் அதே ஆல்டர் பீஸ் (பிழை திருத்தத் திரும்பி வரும் பீஸ்), அதே திட்டு.

வகுப்பு எடுத்தவரைக் குறை சொல்ல முடியாது. டெய்லரின் கையில் வேலை நடக்கிறதே, அதற்குச் சற்று முன்பும் சற்றுப் பின்பும் இருப்பவை எதுவுமே மாறவில்லை. பிறகு கை மட்டும் எப்படி மாறும்? நடத்தை அறிவியலில் ஒரு சூப்பர்வைசருக்குத் தேவையான பகுதி இவ்வளவுதான்: ஆளின் மனசைத் திருத்தப் பார்க்காமல், வேலையைச் சுற்றி இருப்பதைத் திருத்துவது. புதிதாக சூப்பர்வைசர் ஆனவர்களும், பயிற்சிப் பொறுப்பு தலையில் விழுந்த எச்.ஆர். ஆட்களும் இதை எங்கிருந்து தொடங்கலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுகள் தையல் லைனிலிருந்து வருகின்றன. செக்கிங்குக்கும் அயர்னிங்குக்கும் கூட இதே வழி பொருந்தும்.

முதலில் ஒரே ஒரு செயல்

"கவனமாகத் தைக்கணும்", "பொறுப்பு வேணும்" என்பதெல்லாம் ஆசை. அதை எண்ண முடியாது. "பண்டிலைப் பிரித்ததும் முதல் பீஸைத் தைத்து, டேப் வைத்து அளந்துவிட்டு, அப்புறம் இரண்டாவது பீஸை எடுப்பது" என்றால் அது செயல். (பண்டில் என்பது வெட்டிய துணித் துண்டுகளின் கட்டு.) நடந்ததா இல்லையா என்று தூரத்தில் நின்றே சொல்லிவிடலாம்.

நீங்கள் எழுதியது செயல்தானா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. நீங்களும் லைன் செக்கரும் தனித்தனியாக அரை மணி நேரம் நின்று எண்ணுங்கள். இருவர் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் சரி. ஆளுக்கொரு எண் வந்தால் வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள்.

அப்புறம் ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எண்ணிக்கொண்டே இருங்கள். திட்டவும் வேண்டாம், பாராட்டவும் வேண்டாம். இந்த ஒரு வாரம் பொறுமையாக இருப்பதுதான் பலருக்கு முடிவதில்லை. ஆனால் இந்தக் கணக்கு கையில் இல்லாவிட்டால், பின்னால் நீங்கள் செய்தது பலித்ததா என்று சொல்ல வழியே கிடையாது.

தெரியாமல் செய்யவில்லையா, தெரிந்தும் செய்யவில்லையா?

அமெரிக்காவில் பயிற்சித் துறையில் இருந்த ராபர்ட் மேகரும் பீட்டர் பைப்பும் 1970இல் ஒரு கேள்வியை முன்வைத்தார்கள்: உயிரே போகும் என்றால் இந்த ஆள் இதைச் செய்துவிடுவாரா? செய்துவிடுவார் என்றால் அவருக்கு வேலை தெரியும். அவருக்கு மறுபடியும் வகுப்பு எடுப்பது உங்கள் நேரத்துக்கும் நஷ்டம், அவர் நேரத்துக்கும் நஷ்டம்.

அப்படியானால் என்ன தடுக்கிறது? அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கில்பர்ட் 1978இல் இதை ஆறு கட்டமாகப் பிரித்தார். மூன்று கட்டங்கள் ஆளைச் சுற்றி இருப்பவை: தகவல், கருவி, கிடைக்கும் பலன். மற்ற மூன்று ஆளிடம் இருப்பவை: அறிவு, உடல் மற்றும் மனத்தின் திறன், விருப்பம். சுற்றி இருப்பதைத்தான் முதலில் பாருங்கள் என்றார். அதில் செலவும் குறைவு, பலனும் அதிகம். நாம் தலைகீழாக, ஆளின் அறிவிலும் விருப்பத்திலும் தொடங்குகிறோம்.

இந்தக் கட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டு லைனில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். அளவு விவரம் உள்ள ஸ்பெக் ஷீட் ஆங்கிலத்தில் அச்சாகி சூப்பர்வைசர் மேசை டிராயரில் இருக்கும். அதில் அளவு சென்டிமீட்டரில் இருக்கும். டெய்லரின் டேப்பில் அங்குலப் பக்கம்தான் தேயாமல் இருக்கும். வாங்குபவர் ஒப்புக்கொண்ட மாதிரி பீஸ், அதாவது அப்ரூவ்ட் சாம்பிள், மாடியில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அறையில் தொங்கும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓடும். மெஷின் விளக்கு எரியாது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பையனுக்கு நேற்று மாறிய அளவை யாரும் இந்தியில் சொல்லியிருக்க மாட்டார்கள். இதில் எதையும் வகுப்பு எடுத்துச் சரிசெய்ய முடியாது. சாம்பிளை லைன் நடுவில் கண்ணில் படும்படி தொங்கவிட்டால் பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

வெளிச்சமும் வெப்பமும் சின்ன விஷயமாகத் தெரியலாம். பெங்களூரின் ஆயத்த ஆடை ஆலைகளில் பழைய விளக்குகளை மாற்றி எல்.இ.டி. போட்டபோது என்ன நடந்தது என்று பொருளாதார ஆய்வாளர்கள் பார்த்தார்கள். எல்.இ.டி. அவ்வளவாகச் சூடு கக்காது. வெயில் கொளுத்தும் நாட்களில் உற்பத்தி சரிவது அதனால் கணிசமாகக் குறைந்தது. யாருக்கும் எந்த வகுப்பும் எடுக்கவில்லை.

முன்னால் என்ன, பின்னால் என்ன

இந்தப் படிதான் முக்கியம். உடைந்த ஊசியை வைத்தே பார்ப்போம்.

ஏற்றுமதி பேக்டரிகளில் இதற்கு விதி உண்டு. ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்த வேண்டும். எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ஊசி கொடுக்கும் இடத்தில் ஒப்படைத்தால்தான் புது ஊசி கிடைக்கும். துண்டுகளை ஒன்று சேர்த்து, டேப் போட்டு நோட்டில் ஒட்டி, தேதி, மெஷின் எண் எழுத வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த பண்டில் முழுவதையும் ஒதுக்கி வைத்து மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். குழந்தைத் துணிக்குள் ஊசி முனை போய்விடக் கூடாது என்பதற்காக வந்த விதி இது. எல்லா டெய்லருக்கும் மனப்பாடம். ஆடிட்டர் கேட்டால் அப்படியே ஒப்பிப்பார்கள்.

சரி, உண்மையில் ஊசி உடைந்தால் தைக்கும் அக்காவுக்கு என்ன நடக்கிறது? எழுந்து நடக்க வேண்டும். ஊசி கொடுப்பவர் இருக்கையில் இருக்க மாட்டார். கால் மணி நேரம் போகும். முன்னால் இருப்பவர் தைத்த பீஸ் மேசையில் குவியும். பீஸ் ரேட் (பீஸ் கணக்கில் கூலி) என்றால் காசு போச்சு; ஷிப்ட் சம்பளம் என்றால் டார்கெட் போச்சு. திரும்பி வந்தால், "எத்தனை ஊசிதான் உடைப்பீங்க?" என்று ஒரு பேச்சு. இத்தனையும் உடனே நடக்கும், நிச்சயமாக நடக்கும்.

மறைத்தால்? பக்கத்து மெஷின்காரரிடம் எப்போதும் ஒரு உபரி ஊசி இருக்கும். மாட்டிக்கொண்டு ஒரே நிமிடத்தில் தைக்கத் தொடங்கிவிடலாம். சரக்கு திரும்பி வரும் ஆபத்து எங்கோ கப்பலுக்கு அப்பால் இருக்கிறது. வருமா என்பதும் தெரியாது, வந்தாலும் இந்த மெஷின்தான் என்று கண்டுபிடிப்பார்களா என்பதும் தெரியாது.

உடனடியாக, உறுதியாக வரும் பலன்தான் கையை நடத்தும். தாமதமாக, வந்தாலும் வரலாம் என்று இருக்கும் பலனுக்கு அந்த வலு கிடையாது. மெஷினின் விரல் காப்பையும் கண் காப்பையும் தூக்கிவிட்டுத் தைப்பதற்கும் காரணம் இதே கணக்குதான். இதைச் சோம்பல், அலட்சியம் என்று பெயரிட்டு ஒதுக்கினால் செய்வதற்கு எதுவும் இருக்காது. தாளின் நடுவில் நெடுக்காகக் கோடு கிழித்து இரண்டு பத்தி போட்டு, ஒப்படைத்தால் என்ன, மறைத்தால் என்ன என்று எழுதிப் பார்த்தால் என்ன செய்யலாம் என்பது தெரியத் தொடங்கும்:

- டெய்லர் நடக்க வேண்டாம். மெஷினில் ஒரு சிவப்புத் துணியைத் தூக்கிக் கட்டினால் ஊசிக்காரர் டப்பாவோடு லைனுக்கு வரட்டும்.
- நின்ற நேரத்தை உற்பத்திக் கணக்கில் கழித்து எழுதுங்கள். பீஸ் ரேட்காரருக்கு அந்த நிமிடங்களுக்கு ஈடு கொடுங்கள். ஒரு கண்டெய்னர் திரும்பி வருவதோடு ஒப்பிட்டால் அது காசே இல்லை.
- சூப்பர்வைசர் வாயிலிருந்து முதலில் வர வேண்டிய சொல், "எல்லாத் துண்டும் கிடைச்சுதுங்களா?" ஏன் உடைந்தது என்பதை அப்புறம் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். "இந்த மாதம் குறைவாக ஊசி உடைத்தவருக்குப் பரிசு" என்று அறிவித்தால் நோட்டு சுத்தமாகும். ஊசி துணிக்குள் போகும். எதற்குப் பரிசு தருகிறோமோ அது கிடைக்கும். நாம் மனதில் நினைத்தது கிடைக்காமல் போகலாம். உடைந்த ஊசிகளின் கணக்கை மெஷின் வாரியாக வைத்துக்கொண்டு, எந்த மெஷினில் கோளாறு என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போஸ்டர் பற்றியும் பலர் கேட்பதுண்டு. 'தரமே எங்கள் உயிர்' என்று சுவரில் எழுதியதை மூன்றாம் நாளிலிருந்து யாரும் படிப்பதில்லை. முன்னால் வைக்கும் குறிப்பு, வேலை நடக்கும் இடத்தில், அந்த வேளையில் கண்ணில் பட வேண்டும். அளவு டேப்பை பண்டில் கட்டும் கயிற்றோடு சேர்த்துக் கட்டி அனுப்பினால் அது குறிப்பு.

உண்மையிலேயே தெரியாதவருக்கு

கைமடியாக (டெய்லருக்கு உதவியாக) இருந்த பெண்ணை முதல்முறை ஓவர்லாக் மெஷினில் உட்கார வைக்கிறீர்கள். இவருக்கு வகுப்பு வேண்டும்தான். ஆனால் அது கூடத்தில் நடக்க வேண்டாம், மெஷின் பக்கத்தில் நடக்கட்டும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குப் புதியவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தபோது உருவான முறை ஒன்று இன்றும் இதற்குக் கைகொடுக்கும். போருக்குப் பின் அது ஜப்பானுக்குப் போய், டொயோட்டாவில் வேரூன்றியது. நான்கு படி: ஆளைத் தயார் செய், செய்து காட்டு, செய்ய விடு, பிறகு போய்ப் பார். 'ஆள் கற்றுக்கொள்ளவில்லை என்றால் சொல்லிக்கொடுத்தவர் சொல்லிக்கொடுக்கவில்லை' என்பது அந்தப் பயிற்சியின் தாரக மந்திரம்.

இதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம், வேலையைப் பிரித்து எழுதுவது. டீ-சர்ட்டின் உடல் பகுதியில் (பாடி) கழுத்து ரிப்பை, அதாவது இழுபடும் கழுத்துப் பட்டையை, ஏற்றுவதை எடுத்துக்கொண்டால்:

முதலில் ரிப்பை வளையமாக ஜாயின்ட் போட வேண்டும். இரண்டாக மடித்து, நான்கு இடத்தில் குறி வைக்க வேண்டும். பாடியின் கழுத்திலும் அதேபோல நான்கு குறி. குறிக்குக் குறி சேர்த்துப் பிடித்து, ரிப்பை மட்டும் இழுத்துக் கொடுத்துத் தைக்க வேண்டும். இவை படிகள். இதில் உயிர்நாடி ஒன்றே ஒன்று: இழுபடுவது ரிப்பாக இருக்க வேண்டும், பாடி தளர்வாகப் போக வேண்டும். ஏன்? பாடி இழுபட்டால் கழுத்து அலை அலையாக நிற்கும், அயர்ன் போட்டாலும் படியாது. படி, அதில் கவனிக்க வேண்டிய புள்ளி, அதற்கான காரணம். மூன்றும் ஒரு சின்ன அட்டைக்குள் அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் ஒரே நேரத்தில் அதிகமாகக் கற்றுக்கொடுக்கப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

எதிரில் நின்று காட்டாதீர்கள். இடது வலது மாறித் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். முதல் பீஸ் படிகளைச் சொல்லிக்கொண்டே, அடுத்தது புள்ளியையும் சேர்த்து, மூன்றாவது காரணத்தையும் சேர்த்து. அப்புறம் இடம் மாறி அவர் அதேபோலச் சொல்லிக்கொண்டே தைக்கட்டும். "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "ஏன் பாடியை இழுக்கக் கூடாது, சொல்லும்மா" என்று கேளுங்கள். இந்தி பேசுகிறவர் என்றால், அதே மெஷினில் பழகிய இந்திக்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நம்முடைய அரைகுறை இந்தி புள்ளியைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

மறந்துபோவதற்கு இடம் விட்டு

படித்தது எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி 1885இல் எழுதினார். 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் இன்னொன்றைக் காட்டினார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, ஒருமுறை படித்துவிட்டு மற்ற நேரத்தில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். வகுப்பு முடிந்த உடனே எல்லோரும் சரியாகப் பதில் சொல்வதை நம்பி ஏமாறக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

ஆகவே இரண்டு மணி நேர வகுப்பை இருபது நிமிடத் துண்டுகளாக வெட்டுங்கள். மறுநாள் காலை மெஷினை ஆன் செய்யும் முன் ஒரு கேள்வி. மூன்று நாள் கழித்து ஒன்று. அடுத்த வாரம் ஒன்று. நீங்கள் சொல்லிக்காட்டாமல் அவரைச் சொல்ல விடுங்கள், செய்து காட்ட விடுங்கள். இடைவெளிதான் இங்கே வேலை செய்கிறது.

பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1999இல் சுருக்கிச் சொன்ன ஒரு உத்தியும் இங்கே உதவும். "இனிமேல் அளந்து பார்க்கிறேன்" என்பதற்குப் பதில், "பண்டில் கயிற்றை அவிழ்த்ததும் டேப்பை எடுப்பேன்" என்று டெய்லரே தன் வாயால் சொல்லட்டும். எப்போது என்பது சொல்லிலேயே இருந்தால், கயிறு அவிழும்போது ஞாபகம் தானாக வரும்.

எண்ணிக் காட்டுவதும் அதை எப்படிச் சொல்வது என்பதும்

எமரி ஏர் ஃப்ரைட் என்ற அமெரிக்கச் சரக்கு நிறுவனத்தில் 1960களின் கடைசியில் நடந்தது இது. சின்னப் பார்சல்களைப் பெரிய பெட்டியில் சேர்த்து அனுப்பினால் செலவு குறையும். பெட்டியைப் பயன்படுத்த வேண்டிய இடங்களில் 90 விழுக்காடு பயன்படுத்துகிறோம் என்று ஊழியர்கள் நம்பினார்கள். அங்கே அதிகாரியாக இருந்த எட்வர்ட் ஃபீனி எண்ணச் சொன்னார், 45 விழுக்காடுதான். அதன்பிறகு ஊழியர்களே ஒவ்வொரு முறையும் தாளில் குறித்தார்கள், மேற்பார்வையாளர்கள் முன்னேற்றத்தைப் பார்த்துப் பாராட்டினார்கள். 95 விழுக்காட்டுக்குப் போனது. யாரும் ஏமாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். எண்ணாதவரை எல்லோருக்கும் தாம் சரியாகச் செய்வதாகத்தான் தோன்றும். குறிக்கும் பென்சிலை டெய்லர் கையிலேயே கொடுங்கள்.

மும்பைப் பக்கத்து நெசவு ஆலைகளில் நடந்த ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும்; முடிவுகள் 2013இல் வெளிவந்தன. பழுதை அன்றன்றே பதிந்து அலசுவது, தளத்தை ஒழுங்காக வைப்பது, சரக்கிருப்பைக் கணக்கில் வைப்பது போன்ற சாதாரண நிர்வாகப் பழக்கங்களை ஆலோசகர்கள் புகுத்தினார்கள். முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் 17 விழுக்காடு கூடியது. அதற்கு முன் பெரும்பாலும், வாடிக்கையாளர் புகார் செய்தால் பதில் சொல்வதற்காகவே பழுதைக் குறித்து வைத்திருந்தார்கள். நம் ஊர் ஆல்டர் நோட்டுகளும் அதற்குத்தான் இருக்கின்றன.

ஆனால் எண்ணைச் சொல்லிவிட்டால் மட்டும் வேலை மேம்பட்டுவிடாது. குளூகர், டெனிசி என்ற ஆய்வாளர்கள் 1996இல் ஏராளமான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சராசரியில் பின்னூட்டம் நன்மைதான் செய்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நேர்வுகளில் வேலை முன்பைவிட மோசமானது. கவனம் வேலையிலிருந்து விலகி ஆளின் மேல் திரும்பும்போது இது நேர்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

லைனில் இதைக் காதால் கேட்கலாம். "இத்தனை வருஷமா தைக்கிறீங்க, இதுகூடத் தெரியாதா?" என்றால் அந்த அக்கா அடுத்த ஒரு மணி நேரம் உங்களைப் பற்றித்தான் நினைப்பார், கழுத்தைப் பற்றி நினைக்க மாட்டார். "அக்கா, இந்தப் பன்னெண்டுல பத்து நல்லாப் படிஞ்சிருக்குங்க. இந்த ரெண்டுல மட்டும் இடது தோள்கிட்ட பாடி இழுபட்டிருக்கு, பாருங்க" என்று பீஸை அவர் கையில் கொடுத்துச் சொன்னால் பேச்சு பீஸோடு நிற்கும். நல்ல பத்தையும் காட்டுவது மரியாதைக்காக மட்டும் இல்லை. எது சரி என்று கைக்குத் தெரிய வேண்டுமே.

சில பேக்டரிகளில் சுற்றி வரும் செக்கர் மெஷினுக்கு ஏழு பீஸ் எடுத்துப் பார்த்து, பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை போடுகிறார். டெய்லர் பார்க்கும்படி மெஷினில் இருக்கும் அட்டை நல்லது. அதையே பெயரும் போட்டோவும் போட்டு வாசலில் ஒட்டுவது வேண்டாத வேலை. சிவப்பு விழுந்தவர் அடுத்த நாள் செக்கரோடு சண்டைக்கு நிற்பார், இல்லையென்றால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். திருப்பூரில் தெருவுக்குத் தெரு 'டெய்லர் தேவை' போர்டு தொங்குகிறது.

காசு

சுருக்கமாகவே சொல்கிறேன்; இது முதலாளி கையில் இருப்பது. மாதம் முழுக்க வந்தால் இவ்வளவு போனஸ், ஒரு நாள் வராவிட்டால் மொத்தமும் போச்சு என்று வைத்தால், நான்காம் தேதி காய்ச்சலில் படுத்தவருக்கு மீதி மாதம் வருவதற்கு அந்த போனஸ் எந்தக் காரணமும் தராது. அதே தொகையை வாரக் கணக்காகப் பிரித்துக் கொடுங்கள். ஒரு வாரம் போனாலும் அடுத்த வாரம் புதிதாகத் தொடங்கும்.

அபராதம் பலன் தருவது குறைவு, மறைக்கக் கற்றுக்கொடுப்பது அதிகம். சட்டப்படியும் அபராதம் அந்தச் சம்பளக் காலத்துக் கூலியில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது; தொழிலாளிக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பும் தந்தாக வேண்டும்.

உங்களுக்கு மேலே இருப்பவரிடம் பேச வேண்டியது

பயிற்சி தோற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீஸ் என்று மட்டும் சூப்பர்வைசரைக் கேட்டால், அவர் மூன்றாம் நாளே பயிற்சியில் இருக்கும் பெண்ணை இழுத்துக் காலியாக இருக்கும் மெஷினில் உட்கார வைப்பார். அவரைச் சுற்றி இருக்கும் பலன்கள் அப்படி. டெய்லருக்குப் போட்ட இரண்டு பத்தித் தாளை அவருக்கும் போட்டுப் பாருங்கள். புதியவர் உட்காரும் லைனுக்கு முதல் சில வாரம் டார்கெட்டைக் குறைத்து எழுதுவது, எத்தனை புதியவர்கள் நின்று நிலைத்தார்கள் என்பதையும் அவருடைய மாதக் கணக்கில் சேர்ப்பது, இந்த இரண்டையும் மேலாளரிடம் முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது வாய்வார்த்தை நிற்காது.

பலித்ததா?

வகுப்பு முடிவில் வாங்கும் 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' தாள் எதையும் சொல்லாது. முதல் வாரம் எண்ணினீர்களே, அதே செயலை அதே முறையில் எண்ணுங்கள்.

எல்லா லைனிலும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். ஸ்டைல் மாறினாலே ஆல்டர் ஏறும் இறங்கும். காலர் வைத்த போலோ முடிந்து, எளிதான ரவுண்ட் நெக் வந்தாலே எண் நல்லதாகத் தெரியும், பெருமை உங்களுக்கு வந்து சேரும். முதல் லைனில் தொடங்கி, இரண்டு வாரம் கழித்து இரண்டாவது லைன், அப்புறம் மூன்றாவது. எண்ணிக்கை மட்டும் மூன்றிலும் முதல் நாளிலிருந்தே ஓடட்டும். ஒவ்வொரு லைனிலும் நீங்கள் கை வைத்த வாரத்தில்தான் எண் நகர்ந்தது என்றால் அது உங்கள் வேலை. மூன்றும் ஒரே வாரத்தில் நகர்ந்தால் ஸ்டைலோ துணியோ காரணமாக இருக்கலாம்.

நகரவே இல்லையா? அதே வகுப்பை மறுபடி எடுக்காமல் இரண்டு பத்தித் தாளை வெளியே எடுத்து, டெய்லர்களோடு டீ நேரத்தில் உட்கார்ந்து நிரப்புங்கள். நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். நகர்ந்தது என்றால் எண்ணுவதைத் திடீரென நிறுத்திவிடாமல், தினமும் என்பதை வாரம் மூன்று நாளாக, அப்புறம் ஒரு நாளாகக் குறையுங்கள். எந்த நாள் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டாம். இடையில் புது ஆள் வந்தாலோ ஸ்டைல் மாறினாலோ ஒரு வாரம் மறுபடியும் தினமும் எண்ணுங்கள். அப்புறம் அடுத்த செயலை எடுக்கலாம்.